கிளட்ச் மிதித்தால் அடங்கும் சத்தம்: மாருதி 800 கியர்பாக்ஸில் பிடிபட்ட பேரிங்

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடித்துவிட்டேன். இன்ஜின் சுழற்சியை கிளட்ச் வழியாக கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டின் பேரிங்தான். மண்ணெண்ணெயில் கழுவி விரலால் சுற்றினால் உள்ளே கரகரவென்று தட்டுவது கைக்கே தெரிகிறது. "பழைய வண்டி சார், கியர்பாக்ஸ் செட்டையே மாத்திடுங்க" என்றார்கள் ஓர் ஒர்க்‌ஷாப்பில். "ரிலீஸ் பேரிங் போயிடுச்சு, கிளட்ச் செட்டோட மாத்தணும்" என்றார்கள் இன்னொரு இடத்தில். இரண்டுக்குமே தேவை வரவில்லை.

வண்டி 2004 மாடல் மாருதி 800, நாலு கியர். ஐட்லிங்கில் நியூட்ரலில் நிற்கும்போது கீழேயிருந்து ஓர் அரைப்புச் சத்தம் வரும். கிளட்சை மிதித்தால் ஓரிரு நொடியில் அடங்கும், விட்டால் திரும்ப வரும். பாதி விடை இதிலேயே இருக்கிறது. ரிலீஸ் பேரிங் கெட்டிருந்தால் மிதிக்கும்போதுதான் கத்தும், அப்போதுதானே அதன்மேல் பாரம் ஏறுகிறது! மிதித்தால் அடங்குகிறது என்றால், மிதித்ததும் எது சுற்றாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. வண்டி நிற்கும்போது நியூட்ரலில் சுற்றுவது இன்புட் ஷாஃப்டும் அதோடு சேர்ந்து சும்மா உருளும் கியர்களும்தான். சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியல், சக்கரத்தோடு சேர்ந்து அசையாமல் நிற்கும்.

இருந்தாலும் சந்தேகம் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்று பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் இன்ஜினை ஓடவிட்டேன். ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்பும் நின்றன, சத்தம் நிற்கவில்லை. அப்புறம் காலையில் ஈசிஆரில் காலாப்பட்டு தாண்டி, ஆளில்லாத இடத்தில் 40 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி கிளட்சை மிதித்தபடி உருளவிட்டேன். அமைதி. ஸ்டீயரிங்கை லேசாக இருபுறமும் ஒடித்தும் பார்த்தேன், அதிலும் எந்த மாற்றமும் இல்லை. வீல் பேரிங்கும் டிஃப்ரன்ஷியலும் பட்டியலிலிருந்து போயின.

மிச்சம் இருந்த கேள்வி, இன்புட் ஷாஃப்டின் இரண்டு முனைகளில் எந்த முனை என்பது. இதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். நீள ஸ்க்ரூடிரைவரைக் காதோரம் வைத்துக் கேட்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அலுமினிய ஹவுசிங் சத்தத்தை எல்லா மூலைக்கும் கடத்திவிடும், எங்கே வைத்தாலும் அங்கேதான் கெட்டிருக்கிறது போலத் தோன்றும். மெல்லிய தகட்டு மூடியில் வைத்தால் இன்னும் மோசம், மூடியே அதிர்ந்து சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும். நான் கண்டுகொண்டது: பேரிங் உட்காரும் தடித்த பாகத்துக்கு ஒட்டிய போல்ட் தலையில் மட்டும் வைக்க வேண்டும், இரு முனையிலும் ஒரே மாதிரி போல்ட்டாகப் பார்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பில் கேட்டபோது வித்தியாசம் இன்னும் துல்லியம். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் பக்கம் மழுங்கலான முனகல். எதிர் முனையான மூடிப் பக்கம் மணலை அரைப்பது போல வறண்ட கரகரப்பு, கெட்டது அந்த முனைதான். மூன்று சிலிண்டர் இன்ஜின் என்பதால் ஐட்லிங் அதிர்வே காதை ஏமாற்றும், கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து நிலையாகப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தம்பி உட்கார்ந்தான். ஆயில் சூடேறி இளகிய பிறகு கேட்பதும் முக்கியம், குளிரில் பாதி சத்தம் ஒளிந்துகொள்கிறது.

கியர்பாக்ஸ் இறக்கியதெல்லாம் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆயில் வடிக்கும் ட்ரெயின் நட்டைத் திறந்தபோதுதான் கதை புரிந்தது. ஆயில் வெளுத்துக் குழம்பி வந்தது. தண்ணீர்! 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியபோது 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை கொட்டியது. ரெயின்போ நகரில் தெருவோரம் நின்ற வண்டி கதவு வரை தண்ணீரில் இருந்தது. வடிந்த பிறகு சர்வீஸ் பார்த்த இடத்தில் இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் எல்லாம் மாற்றினார்கள். கியர் ஆயிலை மட்டும் தொடவே இல்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியில் கியர் ஆயிலைப் பார்க்காமல் அனுப்புவதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

பேரிங்கின் வெளி வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: கருத்த சிறு தழும்புகள், ஒன்றுக்கொன்று சம இடைவெளியில். அந்த இடைவெளி பேரிங்குக்குள் உருளும் குண்டுகளான பால்களின் இடைவெளியேதான். வண்டி அசையாமல் நின்றபோது ஒவ்வொரு பாலும் வளையத்தைத் தொடும் இடத்தில் ஈரம் தங்கி அரித்திருக்கிறது. நகத்தால் தடவினால் குழி தட்டுகிறது. ஓடித் தேய்ந்த பேரிங்கில் தேய்மானம் பாதை முழுக்கப் பரவியிருக்கும், இப்படிப் புள்ளி வைத்தது போல இருக்காது.

புது பேரிங் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பேரிங்கில் பொறித்த எண்ணை முழுதாகப் படியுங்கள், கடைசியில் வரும் சி3 உட்பட. அது உள் இடைவெளி கூடுதல் என்பதைக் குறிக்கும், சாதாரணத்தைப் போட்டால் சூட்டில் இறுகும். கவுன்ட்டரில் இருந்த பையன் "இதுதான் சார் நல்லா ஓடும்" என்று இரு பக்கமும் தகடு மூடிய இசட்இசட் ரகத்தை நீட்டினான். கியர்பாக்ஸுக்குள் ஆயில் தாராளமாகப் புகுந்து வர வேண்டும், திறந்த பேரிங்தான் சரி. நெல்லித்தோப்புப் பக்கம் எஸ்கேஎஃப் கம்பெனி பேரிங் கிடைத்தது. போலிகள் புழங்குவதால் பெட்டியையும் பொறிப்பையும் படம் எடுத்து அந்தக் கம்பெனியின் ஆப்பில் அனுப்பியிருக்கிறேன், பதில் வராமல் பூட்ட மாட்டேன்.

ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும் என்று லேத் அண்ணனிடம் முன்பே சொல்லிவிட்டேன். வெளி வளையத்தில் அழுத்தினால் பால்கள் வழியாகப் பாரம் பாய்ந்து புது பேரிங்கிலேயே தழும்பு விழும். "அதெல்லாம் தெரியும்பா, நீ பேரிங்கைக் கொண்டா" என்றார்.

இடையில் ஒரு திட்டம். கியர்பாக்ஸ் மூச்சுவிடும் துளையான ப்ரீதரில், வெள்ளம் புகாமலிருக்க ஒரு ரப்பர் குழாய் மாட்டி ஃபயர்வால் உயரத்துக்குத் தூக்கிவிடப் போகிறேன். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அது முடிந்தாக வேண்டும். இரண்டாவது கியரில், மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோ ரிங்கும் தேய்ந்திருக்கிறது, சென்னை புதுப்பேட்டைக்குப் போகும் நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கியர் ஆயில் 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம் மட்டும்தான். கடையில் ஜிஎல்-5 இன்னும் உசத்தி என்று தருவார்கள், அதிலுள்ள சேர்மானம் பித்தளை சின்க்ரோவுக்கு ஆகாது என்பதால் வாங்குவதில்லை. முதலில் ஊற்றுவதைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வடித்துவிட்டு, அப்புறம் புதிதாக நிரப்புவேன், மூலையில் தங்கிய ஈரமும் அதோடு வந்துவிடும்.