அப்பாவின் மண்டியும் என் இலக்கிய முகவரும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் அப்பா முப்பத்திரண்டு ஆண்டுகள் வெல்ல மண்டி நடத்தினார். ஓமலூர்ப் பக்கத்து விவசாயிகள் கொண்டுவந்து இறக்கும் சிப்பங்கள் ஏலம் போனதும், வாங்கியவரிடம் பணத்தைப் பெற்று, தம்முடைய தரகைக் கழித்துக்கொண்டு, மீதியை விவசாயியின் கையில் எண்ணி வைப்பார். சரக்கு விலைபோகவில்லை என்றால் அவருக்குத் தரகு கிடையாது. எழுத்தாளரின் பிரதியைப் பதிப்பகங்களிடம் கொண்டுபோய் விற்றுக் கொடுக்கும் இலக்கிய முகவர் என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டபோது அது தில்லிக்கும் லண்டனுக்கும் மட்டுமே உரிய ஏற்பாடு என்று எண்ணி விலகியிருந்தேன். ஒரு முகவரைத் தேடிக் கண்டடைந்து, அவருடன் மூன்றாவது ஆண்டாக வேலை செய்துகொண்டிருக்கும் இப்போது, அவர் செய்வது ஏறத்தாழ அப்பா செய்த தொழில்தான் என்று தெரிகிறது. முதல் நூலை எழுதி முடித்துவிட்டு இதைப் பற்றி என்னிடம் விசாரித்த நண்பர்களுக்கு அவசரத்தில் அரைகுறையாகச் சொன்னவற்றை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

தமிழில் மட்டும் எழுதி வெளியிடுகிறவருக்கு முகவர் தேவைப்படுவதில்லை. கையெழுத்துப் பிரதியை நாமே பதிப்பாளருக்கு அனுப்புகிறோம்; அவருக்குப் பிடித்தால் வெளியிடுகிறார்; விலையில் பத்து விழுக்காடு ராயல்டி என்பது பொதுவான வழக்கம். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டம் ஒன்றைக் களமாகக் கொண்ட என் நாவலும் அப்படித்தான் 2019இல் வெளிவந்தது. நான் மலைக் கிராமப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அஸ்தம்பட்டியிலிருந்து தினமும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செல்லும் பேருந்தில்தான் அந்த நாவலின் பெரும்பகுதியை மனத்துக்குள் எழுதினேன். பெங்களூருவில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் என் தோழி, நான் கேட்காமலேயே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கி, இரண்டு ஆண்டுகளில் முடித்தும் கொடுத்தாள். அந்தப் பிரதியை யாரிடம் கொண்டுபோவது என்ற கேள்வியில்தான் முகவரைத் தேடும் வேலை தொடங்கியது. இந்தியாவில் ஆங்கிலப் பதிப்பகங்கள் சில எழுத்தாளரிடமிருந்து நேரடியாகவும் பிரதிகளைப் பெறுகின்றன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் வழியாக வருவதையே படிக்கின்றன.

எந்த முகவரை அணுகுவது என்பதற்கு நான் கண்ட மிக நல்ல வழி, நூல்களின் கடைசிப் பக்கங்கள்தாம். மொழிபெயர்ப்பு நாவல்களின் நன்றியுரையில் எழுத்தாளர்கள் தங்கள் முகவரின் பெயரைக் குறிப்பிடுவது வழக்கம். கோடை விடுமுறை முழுவதும் நூலகங்களில் உட்கார்ந்து அத்தகைய நன்றியுரைகளைப் படித்து, ஒரு நோட்டில் முப்பது பெயர்களைக் குறித்துவைத்தேன். பிறகு ஒவ்வொருவரும் எந்த வகை நூல்களை எடுக்கிறார்கள், மொழிபெயர்ப்புகளை ஏற்கிறார்களா என்று பார்த்தபோது பட்டியல் பதினான்காகச் சுருங்கியது. சுய முன்னேற்ற நூல்களை மட்டுமே கையாளும் ஒருவருக்கு நாவலை அனுப்புவது, வெல்ல மண்டியில் மஞ்சளை இறக்குவதற்கு ஒப்பாகும்.

அறிமுகக் கடிதம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் நான் ஓராண்டை இழந்தேன். என் முதல் கடிதம் ஏற்காட்டின் மூடுபனியிலும் ஏரியிலும் தொடங்கி, நான் எழுத்துக்கு வந்த கதையைச் சொல்லி, நாவலின் பெயரை மூன்றாவது பத்தியில்தான் குறிப்பிட்டது. ஆறு பேருக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும், முகவர் அதில் முதலில் தேடுவது கதையின் முடிச்சு என்பதும் பிறகுதான் புரிந்தன. இரண்டாவது கடிதத்தை இப்படித் தொடங்கினேன்: "2001இல் உலகச் சந்தையில் காப்பி விலை சரிந்தபோது, சேர்வராயன் மலையில் நான்கு ஏக்கர் தோட்டத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு தாய் தன் இரு மகள்களில் ஒருத்தியின் படிப்பை நிறுத்துகிறாள். நிறுத்தப்பட்டவள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் கதையைச் சொல்கிறாள்." அதன் பின் பிரதியின் நீளம், அது முழுமையாக முடிந்திருக்கிறது என்ற செய்தி, மொழிபெயர்ப்பாளர் யார், இந்தக் குறிப்பிட்ட முகவருக்கு ஏன் எழுதுகிறேன், கடைசியாக என்னைப் பற்றி இரண்டு வரிகள். இதனுடன் முழுக் கதையையும் முடிவு உட்படச் சொல்லும் இரண்டு பக்கச் சுருக்கத்தையும் முதல் மூன்று அத்தியாயங்களையும் இணைத்தேன். சுருக்கத்தில் முடிவை மறைக்கக் கூடாது. முகவர் அதை வாசகராக இருந்து படிப்பதில்லை, கதை கட்டுக்கோப்பாக நிற்கிறதா என்று பார்க்கவே படிக்கிறார். எஞ்சியிருந்த எட்டுப் பேருக்கு இதை அனுப்பியதில் நால்வர் பதில் எழுதினார்கள்.

அந்த நால்வரில் ஒருவர், பிரதியைப் படித்து மதிப்பிட 25,000 ரூபாய் கட்டணம் என்றும், தேவைப்பட்டால் தம் நிறுவனமே செம்மையாக்கமும் அச்சும் செய்து தரும் என்றும் எழுதினார். பெரிய எழுத்தாளர்கள் சிலரின் படங்களும் அந்த மடலில் இருந்தன. நான் மயங்கத்தான் செய்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். அப்பா மடலை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சரக்கு விக்கறதுக்கு முன்னாடியே தரகு கேட்டா அவன் தரகனே இல்ல, கண்ணு. அதுவும் அவனே வாங்கறவனா இருந்தா, அந்தப் பக்கமே போகாத" என்றார். மண்டி நடத்துகிறவர் தாமே சரக்கை எடுக்கத் தொடங்கினால் விவசாயிக்கு விலை ஏறாது என்பது செவ்வாய்ப்பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த நியாயம். பின்னாளில் பார்த்தபோது, அமெரிக்க இலக்கிய முகவர்கள் சங்கத்தின் நெறிமுறையும் வாசிப்புக் கட்டணத்தை ஏற்பதில்லை என்று அறிந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் ஏ. பி. வாட் இத்தொழிலை நிலைநிறுத்திய காலத்திலிருந்தே, எழுத்தாளர் ஈட்டுவதில் ஒரு பங்கு என்பதுதான் முகவரின் ஊதியம். வாட் வாங்கியது பத்து விழுக்காடு. இன்று உள்நாட்டு விற்பனைக்குப் பதினைந்து, வெளிநாட்டு உரிமைகளுக்கு இருபது என்பது பரவலான வழக்கம்.

இப்போது எனக்கு முகவராக இருக்கும் அம்மையார் முழுப் பிரதியையும் கேட்டு வாங்கி, ஏழு வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். நாவலைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்த எனக்கு அவர் கேட்ட முதல் கேள்வி அதிர்ச்சியாக இருந்தது. மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்றார். என்னிடம்தான் என்றேன். தமிழ்ப் பதிப்பகத்துடன் செய்த ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னார். 2019 ஆகஸ்டில் மகிழ்ச்சியில் படிக்காமலே கையெழுத்திட்ட அந்த இரண்டு பக்கத் தாளை எடுத்துப் பார்த்தபோது, "நூலின் சகல உரிமைகளும் பதிப்பகத்தையே சாரும்" என்று ஒரு வரி இருந்தது. எத்தனை ஆண்டுகளுக்கு என்ற கால அளவும் இல்லை, எந்தெந்த நாடுகளுக்கு என்ற நிலப்பரப்பும் இல்லை. அன்றிரவு நான் உறங்கவில்லை. என் தோழியின் இரண்டாண்டு உழைப்பு என் கவனக்குறைவால் வீணாகிவிட்டதே என்ற எண்ணம் நெஞ்சை அடைத்தது.

வழி காட்டியவர் முகவர்தான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19ஆம் பிரிவு இத்தகைய ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுகிறது. உரிமை மாற்றத்துக்குக் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதபோது, பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகிவிடும். பதிப்பகம் மொழிபெயர்ப்புக்காக எதுவும் செய்திருக்கவில்லை ஆதலால் சட்டம் என் பக்கம் இருந்தது. ஆனாலும், "சட்டம் உங்கள் பக்கம் இருப்பது போதாது, ஆங்கிலப் பதிப்பாளருக்கு ஐயம் எழக் கூடாது, ஆகவே எழுத்தில் வாங்குங்கள்" என்று அவர் வற்புறுத்தினார். பதிப்பகத்திடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற ஒரு வரிக் கடிதத்தைப் பெற நான்கு மாதங்களும் மூன்று பயணங்களும் ஆயின. இதைப் படிக்கும் புதிய எழுத்தாளர் எவரேனும் தமிழ்ப் பதிப்பகத்துடன் இந்த வாரம் ஒப்பந்தம் செய்ய இருந்தால், அச்சு நூல், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதச் செய்து, எதைத் தருகிறீர்கள், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைக் குறிப்பிடச் சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2023 சனவரியில் தமிழ்நாடு அரசு சென்னையில் பன்னாட்டுப் புத்தகத் திருவிழாவைத் தொடங்கி, பிறமொழிப் பதிப்பாளர்களை அழைத்து, மொழிபெயர்ப்புக்கு நிதியுதவியும் அறிவித்த பிறகு, இந்த உரிமைகளுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. அவற்றை எழுத்தாளர் அறியாமல் கையை விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

முகவருடனான ஒப்பந்தத்தை அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். இந்த ஒரு நாவலுக்கு மட்டுமே அது பொருந்தும். எந்தத் தரப்பும் அறுபது நாள் முன்னறிவிப்புடன் விலகலாம். விலகினாலும் அவர் முடித்துக் கொடுத்த ஒப்பந்தங்களின் தரகு அவருக்குத் தொடர்ந்து சேரும். கடைசி வரி முதலில் எனக்கு உறுத்தியது. அப்பாவுக்கு அதில் தவறு தெரியவில்லை. பேசி முடித்தவருக்கு உரியது அவருக்கே என்றார். இதற்கு முன் இரண்டு பதிப்பகங்களுக்கு நானே பிரதியை அனுப்பி மறுக்கப்பட்டிருந்ததையும் முகவரிடம் சொன்னேன். ஒருமுறை மறுத்த இடத்தில் அவர் தெரியாமல் மீண்டும் போய் நிற்கக் கூடாது என்பதால் இதை மறைக்காமல் சொல்லிவிடுவது அவசியம்.

அடுத்த ஐந்து வாரங்கள் திருத்தத்தில் கழிந்தன. நான்காம் அத்தியாயத்தை முதலாவதாக மாற்றச் சொன்னார் முகவர்; அது சரியான யோசனை என்பதை மாற்றிப் பார்த்த அன்றே உணர்ந்தேன். தோட்டத்துச் சொற்களுக்கு நூலின் இறுதியில் அருஞ்சொற்பட்டியல் வேண்டும் என்றும் கேட்டார். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் மழைக்குத் தலைமேல் போட்டுக்கொள்ளும் கொங்காணியும் வரும் இடத்திலேயே பொருள் விளங்கும்படி தோழி மொழிபெயர்த்திருந்ததால் நாங்கள் இருவரும் மறுத்தோம். அவர் இரண்டு நாள் யோசித்து ஏற்றுக்கொண்டார். அந்த இரண்டு நாள்களுக்குப் பிறகே எனக்கு அவரிடம் முழு நம்பிக்கை வந்தது.

பிரதி ஒன்பது பதிப்பகங்களுக்குச் சென்றது. நான்கு பதில் தரவில்லை, நான்கு மறுத்தன. பதினோரு மாதங்கள் கழித்து ஒன்று ஏற்றது. முன்பணம் 1,20,000 ரூபாய். இதில் முகவரின் தரகு 18,000. மீதி 1,02,000 எனக்கும் தோழிக்கும் சரிபாதி. ஆங்கில மொழிபெயர்ப்பு நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசின் 50,000 பவுண்டையும் எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சமமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதால் எங்களுக்குள் இதில் பேச்சே எழவில்லை. முன்பணம் என்பது பின்னால் வரும் ராயல்டியில் கழிக்கப்படுவது. அது ஈடாகும்வரை வேறு பணம் வராது. பதிப்பகம் அனுப்பிய முதல் வரைவு உலகம் முழுமைக்கும் எல்லா வடிவங்களுக்கும் உரிமை கேட்டிருந்தது. முகவர் திரைப்படத்தையும் ஒலிநூலையும் அடித்துவிட்டு, நிலப்பரப்பை இந்தியத் துணைக்கண்டத்தோடு நிறுத்தினார். இதை நான் தனியாக ஒருபோதும் செய்திருக்க மாட்டேன்.

திருத்திய வரைவை அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ராயல்டிக் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்ற இடத்தில் நிறுத்தி, "எடை போடறப்ப நம்ம ஆளு பக்கத்துல நிக்கலாமா?" என்று கேட்டார். மறுநாள் அதை முகவரிடம் அப்படியே சொன்னேன். விற்பனைக் கணக்குப் புத்தகங்களை எழுத்தாளர் தம் சார்பில் ஒருவரை அனுப்பிப் பார்வையிடலாம் என்றொரு பிரிவை அவர் சேர்க்கச் சொல்லி, பதிப்பகமும் ஒப்புக்கொண்டது. சென்ற திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ஏற்காடு அஞ்சலகத்தில் கையெழுத்திட்ட இரண்டு படிகளையும் விரைவுத் தபாலில் சேர்த்துவிட்டு, கடைசிப் பேருந்தில் சேலத்துக்கு இறங்கினேன்.