கம்ப்யூட்டர் ஒரு அறையில், ஸ்டீரியோ ஹாலில், நடுவில் கருங்கல் சுவர்

ஹாலில் நல்ல ஆம்ப்ளிஃபயரும் மரப்பெட்டி ஸ்பீக்கரும் தூசி படிந்து கிடக்க, அதன் தலையிலேயே ஒரு குட்டி ப்ளூடூத் ஸ்பீக்கரை உட்கார வைத்துப் பாட்டுக் கேட்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கொடைக்கானலில் அப்படி வீடுகள் நிறைய. ஒரு காலத்தில் ஆசை ஆசையாக வாங்கிய செட். கேசட் போனது, சிடி போனது, பாட்டு மொத்தமும் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் போய்விட்டது, செட் மட்டும் பூத்தொட்டி வைக்கிற மேடையாக மிஞ்சி நிற்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனிடம் பாட்டைக் கொண்டுவந்து சேர்க்கத்தான் வழியில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அந்த வழியைப் போட்டு முடித்தாயிற்று, பின்னறைக் கம்ப்யூட்டரில் இருக்கிற பாட்டு வைஃபை வழியாக ஹால் ஸ்டீரியோவுக்கு வருகிறது. கேட்கிற ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தட்டிக்கொண்டிருப்பதற்கு இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் ப்ளூடூத்தை ஏன் விட்டேன் என்று சொல்லிவிட வேண்டும், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். தரம் குறையும் என்பார்கள். உண்மைதான், எல்லாக் கருவிக்கும் பொதுவான எஸ்பிசி முறையில் பாட்டு இன்னொரு தடவை சுருக்கப்பட்டு, நல்ல தரம் என்று சொல்கிற வழக்கமான அமைப்பிலேயே நொடிக்கு 328 கிலோபிட் அளவில்தான் போகிறது, சிடியில் இருப்பதோ 1411 கிலோபிட். ஆனால் அப்பாவின் பழைய ஸ்பீக்கரில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற காது எனக்கு இல்லை, இருப்பதாக நடிக்கவும் மாட்டேன். என் எரிச்சல் வேறு. பாட்டு நடுவில் போனுக்கு மெசேஜ் வந்தால் 'டிங்' என்று ஹால் முழுக்கக் கேட்கும். போனைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனால் பாட்டு விக்கும். பெரும்பாலான ப்ளூடூத் கருவிகள் பத்து மீட்டர் கணக்கில் செய்யப்பட்டவை, அந்தப் பத்து மீட்டரும் வெட்டவெளியில்தான்.

எங்கள் வீடு வெட்டவெளி இல்லை. நாயுடுபுரம் பக்கம் இருக்கிற பழைய வீடு, உள்சுவர்கூட ஒன்றரை அடி கருங்கல். ஃபைபர் கேபிள் பின்னறை வழியாக உள்ளே வருவதால் ரவுட்டரும் கம்ப்யூட்டரும் அங்கே இருக்கின்றன. ஸ்டீரியோ முன் ஹாலில் கணப்புக்குப் பக்கத்தில். நடுவில் இரண்டு சுவர். இந்த ஊரில் இந்த விஷயத்தில் இறங்குகிறவர்கள் எந்த டிஏசி (எண்களாக இருக்கிற பாட்டை ஆம்ப்ளிஃபயருக்குப் புரிகிற மின் அலையாக மாற்றுகிற கருவி) நல்லது, எந்த கேபிள் நல்லது என்று மாதக்கணக்கில் படிக்கிறார்கள். அதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். காசு போக வேண்டிய இடம் அதுதான்.

காற்றில் பாட்டு அனுப்புவதில் நம் ஊர் ஒன்றும் புதுசில்லை. 100.5இல் வருகிற கோடை பண்பலையை மதுரை, திண்டுக்கல், தேனி என்று கீழே அத்தனை ஊரும் கேட்கிறது. அதன் கோபுரம் கிட்டத்தட்ட ஏழாயிரம் அடி உயரத்தில் நிற்பதால் கீழே வரைக்கும் மறைப்பில்லாத பார்வை, அலையின் நீளமும் சுமார் மூன்று மீட்டர். வைஃபைக்கு இரண்டுமே கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை பன்னிரண்டரை சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிகூட இல்லை, பொதுவாக அலை குட்டையாகக் குட்டையாகக் கல் அதை அதிகமாகத் தின்னும். அதனால்தான் கடைக்காரர் "ஃபைவ் ஜிகா சார், பறக்கும்" என்று விற்கிற ரவுட்டர் அதே அறையில் பறக்கிறது, அடுத்த அறையில் படுத்துவிடுகிறது. பாட்டுக்கு வேகம் தேவையே இல்லை என்பதையும் கவனியுங்கள். சுருக்காத சிடி தரமே நொடிக்கு ஒன்றரை மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும், தரம் குறையாமல் சுருக்குகிற ஃப்ளாக் என்றால் அதில் ஏறக்குறைய பாதி. விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வந்தால் போதும். ஆகவே 2.4 போதும், அதிலும் 1, 6, 11 என்ற மூன்று சேனலில் அக்கம்பக்கத்தார் அதிகம் உட்காராத ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நல்லது, மற்ற சேனல்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பவை.

அப்படியும் ஹாலில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது. மெஷ் வாங்கச் சொன்னார்கள், ஒன்றிடமிருந்து ஒன்று வைஃபையை வாங்கி வீடு முழுக்கப் பரப்புகிற பெட்டிகள். அந்தப் பெட்டிகளும் தங்களுக்குள் அதே காற்றில், அதே கல் வழியாகத்தானே பேச வேண்டும்? கடைசியில் கூரைக்கும் மரச் சீலிங்குக்கும் நடுவில் ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்து, ஹாலில் ஒரு பழைய ரவுட்டரை வைத்து முடித்தேன். கம்பியில்லாமல் பாட்டுக் கேட்க ஒரு கம்பி இழுக்க வேண்டியிருந்தது என்று அம்மா இன்னும் சிரிக்கிறார். பழைய ரவுட்டரை இப்படிப் பயன்படுத்தும்போது அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கிற வேலை) அணைத்துவிடுங்கள், முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாத மாதிரி மாற்றுங்கள், கேபிளை வான் (WAN) துளையில் செருகாமல் லான் (LAN) துளையில் செருகுங்கள். இந்த மூன்றையும் செய்தால் அது வெறும் வைஃபை கொடுக்கிற பெட்டி, வேறு எதிலும் தலையிடாது.

அப்புறம் பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற கருவி. இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஒரே கம்பெனியின் தயவில் உயிர் வாழ்கிற பெட்டி வேண்டாம். ஆப்பிள் 2004இல் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் கொண்டுவந்தது, சுவர் பிளக்கில் செருகி ஸ்டீரியோவில் இணைத்தால் ஐட்யூன்ஸ் பாட்டு வரும், அருமையான பொருள். 2018இல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள். கூகுள் 2015இல் அதே மாதிரி வேலைக்கு க்ரோம்காஸ்ட் ஆடியோ வெளியிட்டது, 2019 தொடக்கத்தில் அதற்கும் மூடுவிழா. கம்ப்யூட்டர் பாட்டை ஸ்டீரியோவுக்குக் கொண்டுவருகிற ஸ்க்வீஸ்பாக்ஸ் கருவிகளை லாஜிடெக் 2012இல் கைவிட்டது, ஆனால் அதில் ஒரு வேடிக்கை, அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக (யாரும் எடுத்துத் திருத்தலாம்) இருந்ததால் பெட்டி போன பிறகும் ஆட்கள் அதை விடாமல் வளர்த்து, இன்று லிரியான் மியூசிக் சர்வர் என்ற பெயரில் உயிரோடு வைத்திருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன்.

கருவி ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ, ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, சுருக்கமாகப் பை. இதில் 2.4 வைஃபை மட்டும்தான், நமக்குத் தேவையும் அதுதான். ஹெட்போன் துளை கிடையாது, அதுவும் நல்லதற்கே, ஏனென்றால் பெரிய பை போர்டுகள் சிலவற்றில் இருக்கிற துளையில் மெல்லிய இசை வரும்போது பின்னால் ஒரு சீறல் கேட்கும். அதன் நாற்பது ஊசி வரிசையில் பிசிஎம் 5102 சிப் வைத்த சின்ன டிஏசி போர்டு ஒன்றை இணைத்தேன். விலை மலிவு, சத்தம் சுத்தம். ஆனால் அந்தக் கத்தரிப்பூ நிறப் போர்டில் எஸ்சிகே என்று அச்சிட்ட ஒரு கால் இருக்கும், அதைக் கிரவுண்டோடு சேர்த்துவிட வேண்டும். போர்டில் அதற்கென்றே இரண்டு சின்னப் பொட்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒரு சொட்டு ஈயம் வைத்தால் முடிந்தது. வைக்காவிட்டால் சத்தமே வராது, இல்லாவிட்டால் கரகரவென்று இரைச்சலாக வரும், நீங்கள் மென்பொருளைக் குற்றம் சொல்லிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பீர்கள்.

ஈயம் வைத்துக் கொடுத்தது மூஞ்சிக்கல்லில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற அண்ணன். அவரிடம் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அப்பாவின் ஆம்ப்ளிஃபயரில் இப்போது எல்லோரும் பயன்படுத்துகிற சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளைகள் கிடையாது, வட்டமாக ஐந்து கால் வைத்த டின் சாக்கெட்.

"அண்ணே, இந்தப் பின்னு கிடைக்குமா?"

"மதுரை டவுன்ஹால் ரோட்ல தேடுனாக் கிடைக்கலாம் தம்பி. எதுக்கு அலையிற, பழைய செட்டு ஒண்ணு கெடக்கு, கழட்டித் தர்றேன்."

கழற்றினார். டேப் என்று எழுதிய சாக்கெட்டில் நடுக்கால், அதாவது 2, கிரவுண்ட். 3 இடது, 5 வலது. 1உம் 4உம் கேசட்டில் பதிவு செய்வதற்கு வெளியே போகிறவை, அவற்றைத் தொடத் தேவையில்லை. அவர் அதோடு நிற்கவில்லை. இந்த டிஏசி இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூடவே தள்ளும், அந்தக் காலத்து டேப் துளை எதிர்பார்ப்பதோ அதில் ஒரு சின்னப் பங்கு, அப்படியே கொடுத்தால் வால்யூமைக் கொஞ்சம் திருப்பியதுமே வீடு அதிரும் என்று சொல்லி, இரண்டு பக்கத்துக்கும் ரெசிஸ்டர் போட்டுக் குறைத்துக் கொடுத்தார். இப்போது வால்யூம் குமிழை நடுவரை நிதானமாகத் திருப்ப முடிகிறது. உங்கள் செட்டில் ஆக்ஸ், டேப், ட்யூனர், சிடி எதில் கொடுத்தாலும் சரி. ஃபோனோ மட்டும் கூடாது. இசைத்தட்டு ஊசியிலிருந்து வருகிற சில மில்லிவோல்ட்டைப் பல மடங்கு பெருக்கி, கீழ் ஸ்வரத்தைத் தூக்கி மேல் ஸ்வரத்தை அமுக்குகிற சுற்று அது, அதில் கொடுத்தால் பாட்டு உருமாறி அலறும். அப்படியே குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா என்றும் பாருங்கள், நம் ஊர் ஈரத்துக்கு அது கட்டாயம் கரகரக்கும். கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, குமிழை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நன்றாகத் திருகினால் சரியாகிவிடும்.

மென்பொருளுக்கு வருவோம். பையில் பைகோர்ப்ளேயர் போட்டேன், பையைப் பாட்டுப் பெட்டியாக மாற்றுகிற சின்ன இயங்குதளம். அதை எடுத்ததற்கு முதல் காரணம் நம் ஊர் கரண்ட். காற்றடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் கம்பி அறுகிறது, 2018 நவம்பரில் கஜா வந்துபோன சமயத்தில் இந்த மலை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்டி கார்டு பாழாக வாய்ப்பு அதிகம். பைகோர்ப்ளேயர் கிளம்பும்போதே தன்னை மொத்தமாக ராமில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது, கார்டில் எழுதிக்கொண்டே இருப்பதில்லை. அதனால் சட்டென்று பிளக்கைப் பிடுங்கினாலும் பயமில்லை.

லிரியான் சர்வரைக் கம்ப்யூட்டரில் நிறுவி, பாட்டு ஃபோல்டரைக் காட்டிவிட்டால், அதுவே எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைக்கும். பையில் ஓடுகிற ஸ்க்வீஸ்லைட் என்ற குட்டி பிளேயர் மென்பொருள் அதிலிருந்து வாங்கிப் பாடும். போன் ப்ரவுசரில் சர்வரின் பக்கத்தைத் திறந்தால் அதுதான் ரிமோட். கம்ப்யூட்டரின் மற்றச் சத்தங்கள் எதுவும் ஹாலுக்கு வராது, ஏனென்றால் போவது பாட்டு ஃபைல் மட்டும்தான். விண்டோஸில் பிளேயர் தென்படவே இல்லை என்றால் பெரும்பாலும் ஃபயர்வால்தான், 9000, 3483 என்ற இரண்டு போர்ட்டையும் திறந்துவிட வேண்டும். "கம்ப்யூட்டர அணைச்சா பாட்டு நின்னுருமாப்பா?" என்று அப்பா கேட்டார். நின்றுவிடும். கம்ப்யூட்டர் தானாகத் தூங்கப் போனாலும் நிற்கும், ஆகவே தூக்க அமைப்பை எடுத்துவிடுங்கள். திரை மட்டும் அணையட்டும்.

வீட்டுக்கு வருகிற ஐபோன்காரர்களுக்காக, ஆப்பிளின் ஏர்ப்ளே வழியாக அனுப்புகிற பாட்டை வாங்கிக்கொள்கிற ஷேர்போர்ட் சிங்க்கையும் அதே பையில் போட்டிருக்கிறேன், ஏர்ப்ளேயில் ஹால் ஸ்டீரியோ என்று பெயர் தெரியும், தொட்டால் பாடும். ஒரே டிஏசியை இரண்டு மென்பொருள் பங்கு போடுவதால் ஸ்க்வீஸ்லைட் சும்மா இருக்கும்போது அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடும்படி ஒரு அமைப்பு உண்டு, சில நொடி என்று போட்டுவிட்டால் சண்டை தீர்ந்தது. இன்னொன்று, இடையிடையே பாட்டு அரை நொடி விழுந்து எழுந்தால் பையின் வைஃபை சக்தி சேமிப்பை அணைத்துப் பாருங்கள். எனக்கு அதோடு நின்றுவிட்டது.

சினிமாவுக்கு இந்த ஏற்பாட்டை நம்பாதீர்கள். ஏர்ப்ளே வழியாகச் சத்தம் வந்து சேர ஏறக்குறைய இரண்டு நொடி ஆகும், கதாநாயகன் வாயை மூடிய பிறகு வசனம் கேட்கும். டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு நேராக ஒரு கேபிள்தான் அதற்குச் சரி.

பைகோர்ப்ளேயரில் எதை மாற்றினாலும் அதன் அமைப்புப் பக்கத்தில் இருக்கிற பேக்கப் பொத்தானைக் கட்டாயம் அழுத்துங்கள். எல்லாம் ராமில்தான் இருக்கிறது, அழுத்தாவிட்டால் அடுத்த கரண்ட் கட்டில் நீங்கள் செய்த மாற்றம் போய்விடலாம். நான் அதை ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.