மலைநாட்டில் எஸ்பிரெசோ: வீட்டுக்கு மெசின் எடுக்க முதல் சோதித்துப் பார்த்தவை

நுவரெலியாவில் கேத்தல் தளதளவென்று கொதிக்கும்போதும் தண்ணீரின் சூடு 94 பாகை செல்சியஸைத் தாண்டாது. நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, ஏறத்தாழ 0.81 பார்தான். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் தண்ணீர் 96 பாகைக்குச் சற்றுக் குறைவாகக் கொதிக்கும், கண்டியில் 98க்குச் சற்று மேல். அழுத்தத்தில் இறக்கும் எஸ்பிரெசோ கோப்பிக்கோ தூளைத் தொடும் தண்ணீர் ஏறத்தாழ 90 முதல் 96 பாகைக்குள் இருக்க வேண்டும். கருக வறுத்த கொட்டைக்கு இந்த எல்லையின் கீழ்ப்பக்கம் போதும். இளவறுவலுக்கு மேல்பக்கம் வேண்டும்.

அதனால் மலையில் மெசின் தேடும்போது முதல் கேள்வி சூட்டைப் பற்றியது. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் ‘15 பார்’, ‘20 பார்’ எல்லாம் பம்ப் தள்ளக்கூடிய உச்ச அழுத்தம் மட்டுமே. கோப்பிக்குத் தேவை 9 பார். அதற்கு மேல் போனால் தூள் இறுகித் தண்ணீர் ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடும். கேட்க வேண்டியது இதுதான்: தண்ணீர் மூடிய பொயிலருக்குள் அழுத்தத்தோடு சூடாகிறதா, திறந்த கேத்தலில் சூடாகிறதா?

சோதனைகள் நுவரெலியாவை ஒட்டிய ஒரு சமையலறையில் நடந்தன. விடியற்காலையில் அறை 12 பாகை அளவில், தாங்கித் தண்ணீர் 14 அளவில். கொட்டை நடுத்தர வறுவல் அரபிக்கா. அளவு எல்லா மெசினுக்கும் ஒரே விகிதம்: ஒரு பங்கு தூளுக்கு இரண்டு பங்கு கோப்பி. தூள் போடும் கூடை 58 மில்லிமீற்றர் என்றால் 18 கிராம் தூளுக்கு 36 கிராம் கோப்பி, 25 முதல் 30 விநாடி. 51 மில்லிமீற்றர் கூடையில் 14 கிராமுக்கு 28.

கைநெம்புகோல்

ஃபிளேர் போன்ற, கரண்ட் வேண்டாத நெம்புகோல் வகையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் இதன் மேல் ஆசை வருவது நியாயம். ஆனால் உயரத்தால் முதலில் அடிபடுவதும் இதுதான். 94 பாகையில் கொதித்த தண்ணீரைக் குளிர்ந்த உலோக உருளைக்குள் ஊற்றியதும் சூடு சடாரென்று இறங்கிவிடும். சூட்டை அளக்கும் மெல்லிய தெர்மோகப்பிள் முனையைத் தூளின் மேல் வைத்துப் பார்த்தபோது 83, 84 பாகைதான் காட்டியது. நேரமும் எடையும் சரியாக இருந்தும் கோப்பி புளித்தது. அரைவையை இன்னும் நுணுக்கினாலும் புளிப்பு போகவில்லை, கூடவே கசப்புச் சேர்ந்தது. நேரம் சரி, எடை சரி, ஆனாலும் புளிக்கிறது என்றால் குறை சூட்டில்தான்.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. உருளையைக் கேத்தலின் வாயில் கவிழ்த்து, ஆவியில் இரண்டு நிமிடம் முழுக்கச் சூடேறவிட்டு, உடனே பொருத்தி, கொதி அடங்க முதல் ஊற்ற வேண்டும். அப்போது தூளின் மேல் 89 அளவு கிடைக்கிறது. வீட்டில் வறுத்த கருங்கொட்டைக்கு அது நல்ல சூடு. இளவறுவலுக்கு நுவரெலியாவில் இந்த வகையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஹட்டனில் இரண்டு பாகை கூடுதலாகக் கிடைப்பதால் நடுத்தர வறுவல் வரை தாக்குப்பிடிக்கும். கண்டியில் கவலையே இல்லை. பழைய லா பவோனி போன்ற, பொயிலரோடு வரும் நெம்புகோல் மெசின் வேறு இனம். அதில் தண்ணீர் மூடிய பாத்திரத்துக்குள் சூடாவதால் இந்தத் தடை கிடையாது.

சிறிய தெர்மோபிளொக் மெசின்

டிலோங்கி டெடிக்கா இந்த வகை. 51 மில்லிமீற்றர் கூடை, ஒரு நிமிடத்துக்குள் சூடாகும், மேடையில் இடம் அடைக்காது. தண்ணீர் ஒரு குறுகிய உலோகப் பாதைக்குள் ஓடியபடியே சூடாவதால் உயரம் இங்கே பெரிதாகக் குறுக்கிடாது. குறுக்கிடுவது குளிர். மெசின் ‘தயார்’ என்று விளக்குக் காட்டும்போது உள்ளே உலோகம் சூடு. ஆனால் கூடையைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரும் கோப்பையும் 12 பாகையில் கிடக்கும். தூள் போடாமல் வெறும் கூடையோடு இரண்டு கோப்பை வெந்நீரை ஓடவிட்டு, கூடையைத் துடைத்துவிட்டுத் தூளைப் போட்டால் சுவை உடனே தெளிகிறது. சூட்டை மூன்று நிலைகளில் மாற்றும் வசதி இருந்தால் மேல் நிலையில் வையுங்கள்.

இதோடு வரும் கூடையைக் கவனிக்க வேண்டும். இரட்டைச் சுவர்க் கூடை, அடியில் ஒரே ஒரு துளை. அது தூளின் தரத்தை மறைத்து நுரையை வலிந்து உண்டாக்கும். கடைத் தூளுக்கு அது போதும். புதிதாக அரைத்துக் குடிப்பவர் ஒற்றைச் சுவர்க் கூடைக்கு மாற வேண்டும். மாறினால் நல்ல கிரைண்டரும் வேண்டும். இந்த இரண்டு செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டே சிறிய மெசின் மலிவா என்று முடிவெடுங்கள்.

ஒற்றைப் பொயிலர், 58 மில்லிமீற்றர்

கஜியா கிளாசிக், ரன்சிலியோ சில்வியா ஆகியவை இந்த இனம். நுவரெலியா உயரத்தில் வீட்டுக்கு என் தெரிவு இதுதான், சூட்டைப் பாகை கணக்கில் வைக்கும் பிஐடி கட்டுப்பாட்டோடு. பொயிலர் மூடியது; பம்ப் அழுத்தத்தில் தண்ணீர் 95 பாகையிலும் கொதிக்காமல் தூளுக்குள் இறங்கும். பிஐடி உண்மையான சூட்டை அளப்பதால் உயரத்துக்காக எண்ணை மாற்ற வேண்டியதில்லை.

இங்கே பலர் குழம்பும் ஒரு இடம் உண்டு. போர்ட்டாஃபில்டர் போடாமல் 95 பாகையில் தண்ணீரைத் திறந்தால் நுவரெலியாவில் அது சீறிக்கொண்டு ஆவியாகத் தெறிக்கும். பொயிலரை விட்டு வெளியே வந்ததும் அழுத்தம் போய்விடுகிறது. வெளியே கொதிநிலை 94 என்பதால் மிஞ்சிய சூடு ஆவியாகிறது. மெசின் பழுது அல்ல. அதே காரணத்தால், ஓடும் தண்ணீரைக் கோப்பையில் பிடித்துத் தெர்மோமீட்டர் வைக்கும் சோதனையும் இங்கே செல்லாது. பொயிலர் 95இல் இருந்தாலும் 105இல் இருந்தாலும் கோப்பையில் 94க்கு மேல் காட்டாது. சரியாக அளக்க வேண்டுமானால் முனையைத் தூளுக்குள் பதித்து, அழுத்தத்தில் இருக்கும்போது அளக்க வேண்டும்.

சிறிய பொயிலருக்கு இன்னொரு தொல்லை குளிர்ந்த தாங்கித் தண்ணீர். கஜியாவின் பொயிலர் ஏறத்தாழ 100 மில்லி லீற்றர்தான். 36 கிராம் கோப்பிக்கும் தூள் குடிக்கும் தண்ணீருக்கும் சேர்த்து 60 மில்லி லீற்றர் அளவு புதுத் தண்ணீர் உள்ளே நுழையும். அது 14 பாகையில் நுழைந்தால் கோப்பி இறங்கும் கடைசி விநாடிகளில் சூடு சரியும். தாங்கியை 30 பாகை அளவு வெதுவெதுப்பான தண்ணீரால் நிரப்பினால் இந்தச் சரிவு நன்றாகக் குறைகிறது. அதற்கு மேல் சூடான தண்ணீர் பம்புக்கு நல்லதல்ல. காலைக் குளிரில் மெசினைப் போர்ட்டாஃபில்டரோடு 30 நிமிடமாவது சூடாகவிடுங்கள்; விளக்கு ‘தயார்’ என்று காட்டுவது மட்டும் போதாது.

பாலுக்கு ஆவி எடுத்த பிறகு, பொயிலரில் குறைந்த தண்ணீரைப் பம்ப் போட்டு நிரப்பாமல் விடக்கூடாது. அரைகுறைப் பொயிலரில் சூடாக்கும் சுருள் எரிந்துபோகும், அடுத்த கோப்பியும் கருகும். பால்மா பாவிப்பவர்கள் 150 மில்லி லீற்றர் தண்ணீருக்கு 20 கிராம் முழுப்பால்மாவை முதலில் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்து, தேத்தண்ணீர் வடியில் வடித்து, நன்றாகக் குளிரவிட்டுப் பிறகு ஆவி கொடுங்கள். கட்டி இருந்தால் ஆவிக்குழாயின் துளை அடைபடும். 60 முதல் 65 பாகையில் நிறுத்துங்கள்.

பெரிய மெசின் எடுப்பவருக்கு

ஆவிப் பொயிலருக்குள் ஓடும் குழாயில் கோப்பித் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மெசின்களில் பல, ஆவியின் அழுத்தத்தை வைத்துப் பொயிலரைக் கட்டுப்படுத்துபவை. அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம். கொழும்பில் மானி 1 பார் காட்டும்போது பொயிலர் 120 பாகை. நுவரெலியாவில் அதே 1 பாருக்கு 117தான். அந்த மூன்று பாகை ஆவியிலும் தெரியும், கோப்பியிலும் தெரியும். அழுத்தச் சுவிட்சை 0.2 பார் உயர்த்தி 1.2இல் வைத்தால் பழைய சூடு திரும்பும். திருகைத் தொட முதல் ப்ளக்கைக் கழற்றுங்கள், உள்ளே 230 வோல்ட் திறந்து கிடக்கும். பாதுகாப்பு வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும் என்பதையும் பார்த்துவிட்டே உயர்த்துங்கள்.

தண்ணீர்

மலைநாட்டு ஊற்றுத் தண்ணீரும் பீலித் தண்ணீரும் பெரும்பாலும் மென்தண்ணீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் மெசினுக்குள் படியும் சுண்ணாம்பு இங்கே மெதுவாகவே படியும்; மாதாமாதம் அமிலம் விட்டுக் கழுவினால் உலோகம்தான் தேயும். இங்கே உள்ள குறை எதிர்ப்பக்கத்தில். உப்புச்சத்து மிகக் குறைந்த தண்ணீரில் கோப்பி கூர்மையாகப் புளிக்கும். மின்முனையால் நீர்மட்டம் பார்க்கும் பெரிய மெசின், தண்ணீர் இருப்பதை உணராமல் பொயிலரை வழிய நிரப்பும்.

அப்பச்சோடாவால் இதைச் சரிசெய்யலாம். 8.4 கிராம் அப்பச்சோடாவை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துப் போத்தலில் வையுங்கள். தாங்கிக்குப் போகும் ஒவ்வொரு லீற்றருக்கும் அதில் 10 மில்லி லீற்றர். புளிப்பின் முனை மழுங்குகிறது, மின்முனையும் வேலை செய்கிறது. மழைக்காலத்தில் கலங்கி வரும் தண்ணீரை முதலில் வடிகட்டியே ஆக வேண்டும். மண் துகள் போனால் முதலில் அடைபடுவது பம்பும் வால்வும்.

கரண்ட்

1,350 வாட் மெசின் 230 வோல்ட்டில் 6 அம்பியர் அளவு இழுக்கும். லயங்களிலும் பழைய குவார்ட்டர்ஸ்களிலும் இருக்கும் 5 அம்பியர் வட்டமுனைப் பொயின்ட்டில் அடாப்டர் போட்டுச் செருகவே கூடாது. 13 அம்பியர் பொயின்ட் ஒன்றைத் தனி வயரோடு இழுத்துக்கொள்ளுங்கள். மாலையில் வோல்ட் 200க்கு இறங்கும் வீடுகளில் அதே மெசின் 1,020 வாட் அளவுக்குத்தான் சூடாக்கும், அதிர்வுப் பம்பும் தளரும். காலையில் நன்றாக வந்த கோப்பி மாலையில் சப்பென்று இருந்தால் அரைவையைத் தொட முதல் வோல்ட்டைப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் மெசின் பற்றி. லண்டன், டுபாய், கட்டார், குவைத் மெசின்கள் இங்கே போலவே 50 ஹேர்ட்ஸ் என்பதால் அப்படியே ஓடும். சவூதியில் வோல்ட் நமக்குள்ளதே, ஆனால் 60 ஹேர்ட்ஸ். அங்கே வாங்கியதில் 60 ஹேர்ட்ஸ் மட்டும் எழுதியிருந்தால் பம்பின் சுருள் இங்கே அளவுக்கு மிஞ்சிச் சூடாகும். கனடா மெசின் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்ஃபோமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதைப் படித்த பிறகு காசு கொடுக்கலாம்.

கொட்டையும் அரைவையும்

தேயிலைக்கு முன்னே இந்த மலைகளை நிறைத்திருந்தது கோப்பிதான். நம் முன்னோர் நடந்து வந்ததும் கோப்பித் தோட்டங்களுக்கே. 1869இல் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது, அதன்பின் அந்தத் தோட்டங்கள் அழிந்தன. இன்று கொத்மலை, நுவரெலியாப் பக்கத்து அரபிக்கா மறுபடி கிடைக்கிறது. மலைநாட்டு மெசினில் அதைக் குடிப்பதில் எனக்குத் தனி நிறைவு உண்டு. அதற்கு 93, 94 பாகை கொடுங்கள். கண்டி, மாத்தளைப் பக்கம் வீட்டுத்தோட்டங்களில் வரும் ரொபஸ்டாவுக்கு 89 போதும். 18 கிராமுக்கு 30 கிராம் கோப்பியோடு நிறுத்தினால் கசப்புக் குறையும். இஞ்சி, மல்லி கலந்த தூளை மெசினில் போடாதீர்கள், அந்த மணம் போர்ட்டாஃபில்டர் பொருந்தும் தலையான குரூப் ஹெட்டை விட்டுப் போகாது. சட்டியில் எண்ணெய் கக்கும்வரை கருக வறுத்த கொட்டை கிரைண்டரின் பற்களில் பிசினாக ஒட்டும்.

கையிலுள்ள காசில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். கையால் சுற்றும் கிரைண்டர் போதும். அதன் பற்கள் ஒரு கிளிக்குக்கு 20 மைக்ரோனுக்குக் குறைவாக நகர்வதாக இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய படியில் நகர்ந்தால் ஒரு கிளிக்கில் கோப்பி 18 விநாடியில் கொட்டும், அடுத்ததில் 40 விநாடி இழுக்கும்; நடுவில் நிற்க இடமிராது. மிஸ்ட் இறங்கும் நாளில் ஈரக்காற்றால் ஓட்டம் மாறும். அன்று முதல் கோப்பியை எடை போட்டுப் பார்த்து ஒரு கிளிக் மாற்றிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் இரண்டை மலையில் மறக்கக்கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் கூடும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கைக் கழற்றிவிட வேண்டும். முதலில் போவது பிஐடி பலகை. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவதானால் தாங்கியைக் காலி செய்து, போர்ட்டாஃபில்டரைக் கழற்றி, குரூப் ஹெட் வாஷரைத் துணியால் துடைத்துவிடுங்கள். இந்த ஈரத்தில் பூட்டியபடி கிடந்தால் வாஷரில் பூஞ்சணம் பிடிக்கும். வாஷர் ஒன்றை மெசின் வாங்கும்போதே உபரியாக வாங்கிக்கொள்ளுங்கள், மலை டவுன்களில் தேடிக் கிடைப்பது அரிது.