இருண்டு கிடக்கும் இடத்தில்தான் விண்மீன்கள் பிறக்கின்றன

ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும் ஆண்டெனா விண்மீன் மண்டலங்களின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, நீல நிறத்தில் மின்னும் கொத்துகளைத்தான் விண்மீன்கள் பிறக்கும் இடமாக நான் எண்ணினேன். இரு மண்டலங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி கருத்துக் கிடந்ததால், அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று கடந்துவிட்டேன். ஆனால், 1995இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஐஎஸ்ஓ அகச்சிவப்பு விண்வெளி ஆய்வகம், அந்த இணையிலேயே மிகத் தீவிரமாக விண்மீன்கள் உருவாகும் இடம் அந்தக் கருத்த பகுதிதான் என்று காட்டியது.

காரணம் தூசி. சிலிக்கேட்டும் கார்பனும் சேர்ந்த, பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்கள் அவை. விண்மீன்கள் குளிர்ந்த, அடர்ந்த வாயு மேகங்களுக்குள் பிறப்பதால், அந்த மேகங்களில் கலந்திருக்கும் தூசி, பிறந்த விண்மீன்களின் புற ஊதா ஒளியையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் விழுங்கிவிடுகிறது. விழுங்கிய ஆற்றல் அழிந்துவிடுவதில்லை. சுழியத்துக்குக் கீழே 250 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிரில் கிடக்கும் துகள்கள் அதனால் சற்றே வெப்பமடைந்து, பல பத்து முதல் சில நூறு மைக்ரான் வரையிலான அலைநீளங்களில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாக அதைத் திருப்பி வெளியிடுகின்றன. புற ஊதா ஒளியை மிகுதியாகப் பொழியும் பெருநிறை விண்மீன்கள் சில மில்லியன் ஆண்டுகளே வாழ்வதால், பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போக அவற்றுக்கு நேரமில்லை. ஆகவே தூசியின் பலமான வெப்ப ஒளிர்வு, அண்மையில் அங்கே விண்மீன்கள் பிறந்ததற்கான சாட்சியாகிறது. தூசியை இடையூறாக மட்டுமே கருதுவது அதற்குச் செய்யும் அநீதி என்பேன்.

இந்த ஒளியில் பெரும்பகுதியை நம் வளிமண்டல நீராவி தடுத்துவிடுவதால், விண்வெளிக்குச் சென்றுதான் அதைக் காண முடிந்தது. 1983இல் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள், திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட தொலைநோக்கியைக் கொண்டு பத்து மாதங்களில் வானத்தின் 96 சதவீதத்தை அளந்தது. சுமார் 25 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆர்ப் 220 என்ற விண்மீன் மண்டலம், ஒரு லட்சம் கோடிச் சூரியன்களுக்கும் மேலான ஆற்றலை ஏறக்குறைய முழுவதும் அகச்சிவப்பிலேயே வெளியிடுகிறது என்பது அதனால் தெரியவந்தது. 1989இல் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோளின் தரவுகள் இன்னும் பெரிய உண்மையைத் தந்தன: பேரண்ட வரலாறு முழுவதிலும் விண்மீன்கள் வெளியிட்ட ஒளியில் ஏறத்தாழப் பாதி, தூசியில் பட்டு அகச்சிவப்பாக மாறியிருக்கிறது.

இருந்தாலும், அகச்சிவப்பு ஒளிர்வு அனைத்தையும் பிறப்பின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் மையத்திலுள்ள தூசியைச் சூடாக்குபவை பெரும்பாலும் முதிய விண்மீன்களே. வேறு சில மண்டலங்களில் மையக் கருந்துளையைச் சுற்றிய வெப்பமான பொருளும் அதே வேலையைச் செய்கிறது. அதனால்தான் தப்பி வந்த புற ஊதா ஒளியையும் விழுங்கப்பட்டு மாறிய அகச்சிவப்பையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். விண்மீன்கள் உருவாகும் வேகத்துக்கு அந்தக் கூட்டுத்தொகையே நம்பகமான அளவு.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி படம்பிடித்த அருகிலுள்ள சுருள் மண்டலங்களில், தூசியின் இழைகளுக்கிடையே குமிழ்கள் குமிழ்களாக வெற்றிடங்கள் தெரிகின்றன. இளம் விண்மீன்களின் கதிர்வீச்சும் வெடித்துச் சிதறிய விண்மீன்களின் அதிர்ச்சி அலைகளும் குடைந்தவை அவை. இழைகளுக்குள் தூசி மூடிய கொத்துகளையும், ஏற்கெனவே வெளிவந்துவிட்ட கொத்துகளையும் எண்ணி ஒப்பிட்டால், ஒரு கொத்து மறைந்திருக்கும் பருவம் எவ்வளவு காலம் நீள்கிறது என்பதை மதிப்பிடலாம். சில மில்லியன் ஆண்டுகளே என்கின்றன அந்த மதிப்பீடுகள். சூரியனின் வயதான 460 கோடி ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அது ஆயிரத்தில் ஒரு பங்குதான்.