அப்பாயி முடிந்துவைத்த மணல்

1963 மே மாதம். எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடம் விட்டிருந்ததால் அப்பாயி என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் கிளம்பினாள். திருச்சியில் போட் மெயில் ஏறினோம். அவள் மனசெல்லாம் ராமநாத சுவாமி. என் மனசெல்லாம் கப்பல். ராத்திரிகளில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த பையன்கள் நாங்கள். அந்தக் குரல்கள் வருகிற தேசத்துக்குத் தனுஷ்கோடியிலிருந்து கப்பல் போகிறது என்பதே எனக்குப் பெரிய கனவாக இருந்தது.

பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. பெட்டியிலிருந்தவர்கள் கடலில் காசு போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கரித்தூள் கண்ணில் விழுந்தும் நான் ஜன்னலைவிட்டுத் தலையை எடுக்கவில்லை.

முதலில் சேது ஸ்நானம், பிறகுதான் சுவாமி தரிசனம் என்பது அப்பாயியின் முறை. அதனால் நேரே தனுஷ்கோடி. அப்போது அது ஜேஜே என்றிருந்த ஊர். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், மாதா கோயில், தலைமன்னார் கப்பலுக்காக டிரங்குப் பெட்டிகளோடு காத்திருக்கும் ஜனங்கள். கரையில் என் வயதுப் பையன் ஒருவன் சங்கு விற்றுக்கொண்டிருந்தான். "ரெண்டணா" என்றான். நயா பைசா வந்து ஆறு வருஷமாகியும் வாயில் அணாக் கணக்குதான். வாங்கிக் காதில் வைத்தேன். "கடல் பேசுதா?" என்று கேட்டுச் சிரித்தான்.

அப்பாயி இடுப்பளவு தண்ணீரில் நின்று கூப்பிட்டாள். "வா ராசா, ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போயிரு."

கப்பல் நகர்கிற நேரம். "அடுத்த தடவை வர்றப்போ குளிக்கிறேன் அப்பாயி" என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். சேது மணலைப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, கங்கையைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை பூர்த்தி. அவள் வாழ்நாள் ஆசை அது.

1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் வண்டி ஊரை எட்டுவதற்குள் அலையோடு போயிற்று. அதிலிருந்த யாரும் பிழைக்கவில்லை. ஊரும் போயிற்று. பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்துவிட்டார்கள். தனுஷ்கோடி மட்டும் திரும்ப எழவேயில்லை. செய்தி கேட்ட அன்று அப்பாயி விளக்கேற்றி, அந்த மணல் முடிச்சுக்கு எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் சங்கைக் கையில் வைத்திருந்தேன். காதில் வைக்க மனம் வரவில்லை.

அவளுக்குக் காசி வாய்க்கவில்லை. பல வருஷம் கழித்து அப்பா போய் மணலைத் திரிவேணியில் கரைத்துவிட்டு, மூடி பற்றவைத்த சிறு செம்பில் கங்கையோடு வந்தார். ராமேஸ்வரம் போவதற்குள் அவரும் படுத்துவிட்டார். அந்தச் செம்பு எங்கள் பூஜை அறையிலேயே இருந்தது.

2025-ல் அதை மடியில் வைத்துக்கொண்டு, புதிய பாலத்தின் வழியாக மனைவியோடு போனேன். அக்னி தீர்த்தத்தில் முழுகி, ஈரத்துணியோடு இருபத்திரண்டு தீர்த்தங்களுக்கும் நடந்தோம். கிணற்று மேட்டில் நின்று வாளியால் மொண்டு தலையில் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு வாளிக்கும் என் பிடரியைப் பிடித்துக் குனியவைத்த அப்பாயியின் கை ஞாபகம் வந்தது. உடை மாற்றிக்கொண்டு, அனுமன் கொண்டுவந்த விசுவநாதரை முதலில் வணங்கினோம். அதுதான் ராமர் வகுத்த முறை. பிறகு ராமநாதர் சன்னிதி. சீதை மணலால் பிடித்த லிங்கம் என்பது ஐதீகம். மணலில் பிறந்த சுவாமிக்கு, அப்பாயி அள்ளிய ஒரு பிடி மணலின் பலனாக வந்த கங்கை. குருக்கள் செம்பை வாங்கி உள்ளே போனார். தீபத்தின் வெளிச்சத்தில் நீர் இறங்கியதைப் பார்த்தேன். அவள் பெயரைச் சொல்ல வேண்டிய நேரத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. மனைவிதான் சொன்னாள்.

மறுநாள் தனுஷ்கோடி. புயலிலும் நின்ற கோதண்டராமர் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் போனோம். மாதா கோயிலின் மொட்டைச் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும் மணலில் நிற்கின்றன. கப்பல் நின்றது எந்தப் பக்கம் என்று என்னால் காட்ட முடியவில்லை.

தனுஷ்கோடியின் கடைசி நிலமுனையான அரிச்சல்முனையில் இறங்கிக் குளிக்கக் கூடாது, நீரோட்டம் ஆபத்தானது. அன்று தள்ளிப்போட்ட முழுக்கை இனிப் போட வழியில்லை. கணுக்கால் நனைய நின்று, இரு கையாலும் நீரை அள்ளி அப்பாயியை நினைத்துத் தலையில் விட்டுக்கொண்டேன். மறுபடி அள்ளினேன். அந்தப் பையனின் பெயரை நான் கேட்கவே இல்லை. அவன் அன்றிரவு அங்கிருந்தானா, தப்பினானா, எதுவும் தெரியாது. "சங்கு வித்த தம்பிக்கு" என்று சொல்லி நீரைக் கடலிலேயே விட்டேன்.