கடன் வாங்கிய நாயும் ஜூனியர் ஷோமன்ஷிப்பும்

அமெரிக்க நாய்க் கண்காட்சிகளில் ஜூனியர் ஷோமன்ஷிப் என்று பிள்ளைகளுக்கான போட்டி உண்டு. அதில் பிள்ளையை ஹேண்ட்லராக (நாயை நடத்திக் காட்டுபவராக) ரிங்கில் இறக்க நினைப்பவர்கள், வேறு எதையும் தொடங்கும் முன் நாயின் ஏகேசி (அமெரிக்கன் கென்னல் கிளப்) பதிவுச் சான்றிதழை எடுத்து, உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுக்கு அடி விழுந்தது அங்கேதான். இன்னும் வலிக்கிறது.

மகள் பழக்கியது நண்பர் வீட்டு ஷெல்டி இன நாயை. நாய் அவள் கைக்கு அப்படியே கட்டுப்படும். என்ட்ரி அனுப்பும் முன் ஒரு ஷோவின் பதிவு அலுவலகத்துக்கு ஃபோன் செய்து கேட்டதற்கு, "உரிமையாளர் சம்மதித்தால் போதும்" என்றார் எடுத்தவர். படிவத்தில் உறவு கேட்கும் கட்டத்தில் குடும்ப நண்பர் என்றே தெளிவாக எழுதினோம். பணத்தை எடுத்துக்கொண்டார்கள், உறுதிச் சீட்டும் வந்தது. ஷோ அன்று காலை, குளிப்பாட்டிச் சீவி, நாயை மேசையில் நிறுத்திய பிறகு சொல்கிறார்கள்: இந்த நாய்க்குத் தகுதி இல்லை. ஃபோனில் பேசியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டணமும் திரும்ப வராது. பிள்ளை அழாமல் நின்றாள், அதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம்.

விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. நாய் அந்தப் பிள்ளையின் பெயரில் இருக்கலாம். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், தாத்தா, பாட்டி, மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி போன்ற உறவினர் பெயரில் இருக்கலாம். அதே வீட்டில் குடியிருப்பவர் பெயரிலும் இருக்கலாம். இணை உரிமையாளராக இருந்தாலும் செல்லும். நண்பர், பயிற்சியாளர், பக்கத்து வீட்டுக்காரர் இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஃபோனில் கேட்டதை நம்ப வேண்டாம். விதிப் பகுதியைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை அச்செடுத்து ஷோவுக்குக் கொண்டுபோங்கள்.

இதற்கு வழி, பிள்ளையை இணை உரிமையாளராகச் சேர்ப்பதுதான். கேட்க எளிது, ஆனால் சான்றிதழில் ஏற்கெனவே பெயர் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் நண்பரின் நாயில் ப்ரீடரும் (நாயை இனப்பெருக்கம் செய்தவர்) இணை உரிமையாளர், இருப்பதோ வேறு மாநிலத்தில். காகிதம் தபாலில் போய்த் திரும்பி வருவதற்குள் அடுத்த ஷோவின் பதிவும் முடிந்துவிட்டது. பெரும்பாலான ஷோக்களில் சுமார் இரண்டரை வாரம் முன்னால் ஒரு புதன்கிழமை நண்பகலோடு என்ட்ரி மூடப்படும். ஐந்து நிமிடம் பிந்தினாலும் கதவு திறக்காது. பெயர் சேர்க்கும்போதே மருத்துவச் செலவு யாருடையது, குட்டி போட வைக்கும் முடிவு யாருடையது, பிள்ளைக்கு 18 வயது ஆனதும் பெயர் என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நட்பு கெடாமல் இருக்க அந்தத் தாள் உதவும்.

ஏகேசி தரும் ஜூனியர் ஹேண்ட்லர் எண் கேட்டதும் கிடைத்துவிட்டது. ஷோ அன்று 9 வயது நிறைந்து 18 ஆகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாய் விஷயத்தில் இன்னொன்று. ஹீட்டில் (இனச்சேர்க்கைப் பருவத்தில்) உள்ள பெட்டைக்கு ஜூனியர் ஷோமன்ஷிப்பில் அனுமதி இல்லை. அதே நாய் அதே நாளில் உடலமைப்பைப் பார்க்கும் ப்ரீட் ரிங்கில் போகலாம் என்பதால் பலர் இங்கே ஏமாறுகிறார்கள். கருத்தடை செய்த நாய்க்கு ஜூனியர்ஸில் தடை இல்லை. சாம்பியன் பட்டம் வாங்கி, கருத்தடையாகி, வீட்டில் ஓய்வாக இருக்கும் ஐந்தாறு வயது நாய் கிடைத்தால் விடாதீர்கள். ரிங்கின் சத்தமும் மேசையும் அதற்குப் பழக்கம். பிள்ளை தடுமாறினாலும் நாய் தடுமாறாது.

ஜட்ஜ் பார்ப்பது பிள்ளையின் கையை. நாயின் உடலமைப்புக்கு இந்தப் போட்டியில் மதிப்பெண் கிடையாது. அதனால் விலை உயர்ந்த நாய் வாங்கும் பணத்தை ஹேண்ட்லிங் வகுப்புக்குச் செலவிடுங்கள்.

பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுவது எல் வடிவ நடையில். நாய் இடது பக்கம், நேராகப் போய் இடப்புறம் திரும்பும் வரை சிக்கல் இல்லை, நாய் ஜட்ஜ் பக்கமே இருக்கும். கடைசி முனையில் திரும்பி வந்த வழியே வரும்போது, கை மாற்றாவிட்டால் பிள்ளை நடுவில் வந்து நாயை மறைத்துவிடும். திரும்புகிற அந்த இடத்திலேயே லீட் (நாயைப் பிடிக்கும் கயிறு) வலக்கைக்குப் போக வேண்டும். லீட்டின் மிச்சம் தொங்காமல் உள்ளங்கைக்குள் மடிந்திருக்க வேண்டும். இந்தக் கை மாற்றத்தை ஒரு கயிற்றை மட்டும் வைத்து, நாயே இல்லாமல், வீட்டுக் கூடத்தில் பழக்குங்கள். இல்லையென்றால் பிள்ளை திருந்துவதற்குள் நாய் தப்பான நடையைக் கற்றுக்கொள்ளும். முடிவில் ஜட்ஜுக்கு ஐந்தாறு அடி முன்பே நிற்க வேண்டும். காலடியில் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கு நாயின் முதுகுதான் தெரியும்.

பல் காட்டும்போது பிள்ளை தலையைக் குனிந்து ஜட்ஜின் பார்வையை மறைக்கக் கூடாது. உதட்டை மட்டும் விலக்கினால் போதும், மூக்கைப் பொத்திவிட வேண்டாம். அவித்த ஈரலோ கோழியோ சிறு துண்டுகளாகப் பையில் இருக்கட்டும், ஆனால் தரையில் ஒன்றும் சிந்தக் கூடாது. அடுத்து வரும் நாய் அதை மோந்து நின்றுவிட்டால் அந்தப் பிள்ளையின் வாய்ப்பு கெட்டுப்போகும். ஜட்ஜ்கள் இதைக் கவனிக்கிறார்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் வளையலையும் கொலுசையும் கழற்றிவிட்டுப் போக வேண்டும், அந்தச் சத்தத்துக்கு நாய் திரும்பிப் பார்க்கும். உடை நிறம் நாயின் ரோமத்தோடு கலக்கக் கூடாது. கறுப்பு நாய்க்குப் பின்னால் கறுப்புப் பாவாடை போட்டால், நாய் நிற்கும் வடிவம் தூரத்திலிருந்து தெரியாது. ரப்பர் அடி வைத்த தட்டைச் செருப்பு, அதுவும் வழுக்காததாக.

வெளியே நிற்கும் பெற்றோர் கைகாட்டுவது, விசில் அடிப்பது எல்லாம் பிள்ளையின் தலையில்தான் விடியும். ரிங்கிலிருந்து தள்ளி நில்லுங்கள்.

காகிதம் சரியாகி, மகள் கடைசியில் ரிங்குக்குள் போய் ரோஜா நிற ரிப்பன் வாங்கினாள். ஜூனியர்ஸில் முதல் பரிசுக்கு நீலம் கிடையாது, ரோஜா நிறம். ஆனால் அன்று அவள் வகுப்பில் வேறு யாரும் வரவில்லை. நாவிஸ் என்ற புதியவர் வகுப்பிலிருந்து அடுத்த நிலையான ஓபனுக்குப் போக மூன்று முதல் பரிசு வேண்டும். எதிரில் போட்டியாளர் இருந்து வென்றால்தான் கணக்கில் சேரும். ஆகவே எத்தனை பேர் வந்தார்கள் என்று ஷோ கேட்டலாக்கிலேயே குறித்து வையுங்கள். அடுத்த ஷோவுக்குப் பதிவு மூடிய பிறகு மூன்றாவது வெற்றி வந்தால், ஷோ அன்று ஜட்ஜிங் தொடங்கும் முன்பே வகுப்பை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது.