டைம்அவுட் ஒழிந்தது: கடல் வரைபட நிரலின் நிலவரம்

வடகடல், தென்கடல் இரண்டின் அலை உயரப் படங்களும் இன்று விடியுமுன்பே பாம்பனில் மாமாவின் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. காத்திருப்பு நேரம் கடந்து நிரல் விழுந்துவிடும், என்னைப் பாடாய்ப் படுத்திய டைம்அவுட் பிழைக்கு ஒருவழியாக முடிவு கட்டியாயிற்று!

கடல் வானிலைத் தளத்தைத் திறந்து, ‘நாளை’ பொத்தானைச் சொடுக்கி, வடகடலான பாக் நீரிணைக்கு ஒன்று, தென்கடலான மன்னார் வளைகுடாவுக்கு ஒன்று எனப் படமெடுத்து அனுப்புவதுதான் நிரலின் வேலை. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் அடங்கிக் கிடக்கும். ஒரு படம் போதாது.

உலாவியைத் தானாக இயக்கும் கருவியான பிளேரைட்டின் இயல்பான காத்திருப்பு வரம்பு 30 விநாடி. அதை 90 ஆக்கு என்பதுதான் எங்கு கேட்டாலும் கிடைக்கும் யோசனை. எனக்கு அது அறவே பிடிக்காது. தடத்திலேயே இல்லாத பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் நின்று என்ன பயன்? பக்கம் ‘நெட்வொர்க் ஐடில்’ நிலைக்கு வரட்டும் என்று நிரல் காத்திருந்தது. அரை விநாடி நேரம் எந்தக் கோரிக்கையும் ஓடாமல் இருந்தால்தான் அந்த நிலை. காற்றோட்டத்தை அசைத்துக் காட்டும் வரைபடமோ ஓயாமல் தரவு கேட்டுக்கொண்டே இருக்கிறது. பிளேரைட் ஆவணமும் இந்த முறையைத் தவிர்க்கத்தான் சொல்கிறது.

பக்கத்தின் அடிப்படைக் கட்டமைப்பு வந்தாலே போதும் என்னும் ‘டாம் கன்டென்ட் லோடட்’ நிலைக்கு மாற்றியதும் பக்கம் சட்டெனத் திறந்தது. படம் மட்டும் வெறும் நீலமாக வந்தது. வரைபடம் வரையப்படும் பரப்பான கேன்வாஸ் கண்ணுக்குத் தெரிகிறதா என்றுதான் பிளேரைட் பார்க்கும். அதில் வண்ணம் விழுந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே அலைத் தரவுக்கான பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காத்திருப்பைச் சொடுக்குவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். சொடுக்கிய பிறகு தொடங்கினால், இணைப்பு வேகமாக இருக்கும் நேரத்தில் பதில் வந்து போயிருக்கும். நிரல் முழு 30 விநாடியும் நின்றுவிட்டு விழும். நெட் பறக்கும் விடியற்காலையில் பிழையும், ஊரே போன் பார்க்கும் மாலையில் வெற்றியும் கிடைத்த விந்தைக்கு இதுவே காரணம். நிரல் ஓடிய பதிவைப் படிப்படியாகக் காட்டும் டிரேஸ் வியூவரில் பார்த்தால், பதில் வந்து முடிந்த பிறகு காத்திருப்பு தொடங்குவது அப்பட்டமாகத் தெரிகிறது. பைத்தான் நிரல்மொழியில், பதிலுக்கான காத்திருப்பை முதலிலேயே தொடங்கிவிடும் ‘எக்ஸ்பெக்ட் ரெஸ்பான்ஸ்’ என்ற ‘வித்’ (with) தொகுதிக்குள் சொடுக்கும் வரியை வைத்தேன். தேதிப் பட்டை மாறியதையும் உறுதிசெய்துகொண்டு படமெடுக்கிறேன். அற்புதமாக ஓடுகிறது.

இது ஓடுவது மதுரையில் வாங்கிய பழைய மினி கணினியில். மண்டபத்து உப்புக் காற்றுக்கு விசிறி உள்ள பெட்டி ஆகவே ஆகாது. காற்றோடு உப்பையும் உள்ளே இழுத்துவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் விசிறி இல்லாததையே தேடி வாங்குங்கள்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள்தான் கரையில் நிற்கும். மாமாவுடையது நாட்டுப்படகு, நிரலுக்கும் ஓய்வில்லை. இந்தியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கள்ளக்கடல் (தொலைவிலிருந்து வந்து திடீரெனக் கரையில் எழும் பேரலை) எச்சரிக்கையையும் சேர்க்க நினைத்திருந்தேன். அதற்குள் மாமா, “அலை மட்டும் தெரிந்தால் போதுமா மருமகனே, நீரோட்டம் வேண்டாமா?” என்று கேட்டுவிட்டார். நீரோட்டப் பொத்தான் பக்கவாட்டில் சறுக்கி வரும் பலகையில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களில் இடம் மாறாமல் நின்றால்தான் பிளேரைட் அதைச் சொடுக்கும். பலகை நின்ற பிறகும் வேறேதோ ஓர் அடுக்கு சொடுக்கை மறிக்கிறது. அது எது என்று இன்றிரவு டிரேஸில் தேடப் போகிறேன்.